தணலில் சுட்ட ரொட்டி: யார் வீட்டுச் சாப்பாடு?

ஆஸ்திரேலியாவில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஜாஃபிள் என்றால் விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நீளக் கைப்பிடி, அவற்றின் முனையில் ஒன்றன் மேல் ஒன்று கவிழ்ந்து மூடும் இரண்டு குழிந்த தட்டு. இரண்டு துண்டு ரொட்டிக்கு நடுவில் எதையாவது வைத்து, தட்டுக்குள் அமுக்கி மூடி, கேம்ப் ஃபயர் தணலில் கொஞ்ச நேரம் நீட்டிப் பிடிக்க வேண்டும். ஓரமெல்லாம் ஒட்டிக்கொண்டு, வெளியே மொறுமொறுவென்று, உள்ளே நாக்கைச் சுடும் சூட்டில் ஒரு பொட்டலம் வரும். அதுதான் ஜாஃபிள்.

சின்னவள் பள்ளிக்கூட கேம்ப் போய் வந்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சு. "இதை நான் உன் வயசுல கராச்சர்மாவிலேயே சாப்பிட்டிருக்கேன்" என்றேன். நம்பவில்லை. "போப்பா, அது அவங்க சாப்பாடு. நம்ம சாப்பாடு இட்லி, சாம்பார்" என்று முடித்துவிட்டாள்.

ஒன்பது வயதுப் பிள்ளை 'அவங்க சாப்பாடு', 'நம்ம சாப்பாடு' என்று கோடு போட்டுக்கொள்வது எனக்கு என்னவோ போலிருந்தது. புலம்பெயர்ந்த வீடுகள் எல்லாவற்றிலும் இந்தக் கோடு இருக்கிறது. டிபன் டப்பாவில் புளியோதரை கொண்டுபோக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளை எல்லோரும் பார்த்திருப்போம். அதனால் தணலில் சுட்ட இந்த ரொட்டியின் கதையை, எனக்குத் தெரிந்தவரை, ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எங்கள் ஊரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கராச்சர்மா எங்கே இருக்கிறது?

சென்னையிலிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து சுமார் 1,200 கிலோமீட்டர் போனால் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரிலிருந்து அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அந்த நகரத்தை ஒட்டி, தெற்கு அந்தமானில் இருக்கும் சின்ன ஊர்தான் கராச்சர்மா. ஆங்கிலேயர் காலத்துத் தண்டனைக் குடியேற்றத்தில் கைதிகளை வைத்திருந்த நிலையங்களில் இதுவும் ஒன்று. இன்றைக்கு வெளியூர்க்காரர்கள் யாராவது இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தால், 1978ல் தொடங்கிய மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தால்தான் இருக்கும்.

அந்தமான் நிக்கோபாரில் தமிழ் பேசுகிறவர்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஏறத்தாழ 15 சதவீதம். எங்கள் குடும்பமும் அதில் சேர்த்தி. அப்பா எழுபதுகளில் அரசு வேலைக்காகக் கப்பலேறியவர். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் இந்தி. பக்கத்து வீட்டில் வங்காளி, எதிர் வீட்டில் மலையாளி, தெருக்கோடியில் ராஞ்சிக்காரர்கள்.

எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். ராஞ்சித் தொழிலாளர்கள் 1918லிருந்து காடு வெட்ட வந்தார்கள். 1921 மலபார் கலகத்துக்குப் பிறகு மாப்பிள்ளைமார் கைதிகளாக வந்தார்கள். 1925ல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்தார்கள். 1949லிருந்து கிழக்கு வங்காளத்து அகதிகள் நிலம் கொடுக்கப்பட்டுக் குடியேறினார்கள். 1964ல் கையெழுத்தான சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர்களில் சில குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள்.

முதலில் நெருப்பு

ரொட்டி சுட நெருப்பு வேண்டும். அந்தமானில் நெருப்புக்கே ஒரு வரலாறு உண்டு.

நம் கதையில் வரும் எல்லோருக்கும் முன்பே அங்கே இருந்தவர்கள் அந்தமான் பழங்குடி மக்கள். அவர்கள் தின்று போட்ட சிப்பியும் பன்றி எலும்பும் பானை ஓடும் மேடு மேடாகக் குவிந்து கிடக்கின்றன. தெற்கு அந்தமானில் சௌல்தாரி என்ற இடத்தில் இருக்கும் அப்படி ஒரு மேட்டின் வயது 2,000 ஆண்டுகளுக்கு மேல் என்று தொல்லியல் ஆய்வில் தெரிந்தது. அவர்கள் நெருப்பைப் புதிதாக உண்டாக்குவதில்லை, இருக்கிற நெருப்பை அணையாமல் காப்பாற்றி வருகிறார்கள் என்று 1880களில் ஈ.எச். மேன் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதினார். குடிசையில் கட்டை எப்போதும் புகைந்துகொண்டிருக்கும். படகில் போனாலும் கங்கு கூடவே போகும்.

தணலைக் காப்பது எப்படி என்று அந்த மண்ணில் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். 1858ல் ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர் இன்று ஐம்பது, அறுபது பேர் அளவில்தான் மிச்சம். வெளியிலிருந்து வந்த நோய்கள்தான் அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோயின. அவர்களுடைய 'போ' என்ற மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தபோது அந்த மொழியும் போயிற்று. குடியேறி வந்தவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்போது, நாம் வந்து இறங்கிய இடம் காலியாக இருக்கவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கும் இது பொருந்தும். நியூ சவுத் வேல்ஸில் கடி ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் கிடைத்த அரைகற்கள் சுமார் 30,000 ஆண்டுப் பழமை என்று கணித்திருக்கிறார்கள். விதையை அரைத்துத் தணலில் அடை சுட்டுத் தின்னும் வழக்கம், கோதுமை மாவு கப்பலில் வந்து இறங்குவதற்கு வெகு காலம் முன்பே இந்த நாட்டின் முதல் குடிகளிடம் இருந்தது.

பிறகு ரொட்டி

1858 மார்ச் 10ம் தேதி டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் வந்து இறங்கினார். முந்தைய ஆண்டுக் கிளர்ச்சியில் பிடிபட்டவர்கள்தான் முதலில் வந்தவர்கள். நிர்வாகத்துக்குத் தலைமையிடமாக அமைந்தது துறைமுகத்தின் வாயிலில் இருக்கும் ராஸ் தீவு. 2018லிருந்து அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு.

அந்தக் குட்டித் தீவில் ஆங்கிலேயர்கள் தேவாலயம் கட்டினார்கள், அச்சகம் வைத்தார்கள், நீச்சல் குளம் வெட்டினார்கள். கூடவே ஒரு பேக்கரியும் இருந்தது. சுற்றுலா போனவர்கள் மர வேர்கள் கவ்விப் பிடித்திருக்கும் அந்த இடிபாடுகளைப் பார்த்திருப்பீர்கள். 'பேக்கரி' என்று பலகையைக் காட்டுவார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். நானும் பலமுறை அப்படித்தான் நகர்ந்திருக்கிறேன்.

கொஞ்சம் நின்று யோசித்தால் அந்த அடுப்புச் சுவர் நிறையச் சொல்கிறது. அந்தமானில் கோதுமை விளையாது. மாவு முழுவதும் கப்பலில் வர வேண்டும். காட்டை வெட்டி, கட்டடத்தைக் கட்டியது கைதிகளின் உழைப்பு. அந்த அடுப்பிலிருந்து வந்த ரொட்டி போனது துரைமார் வீட்டு மேசைக்கு. தண்ணீருக்கு இந்தப் பக்கம், 1906ல் கட்டி முடித்த செல்லுலார் சிறையில் காலை ஆகாரம் கஞ்சி. அங்கே இருந்தவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அந்தக் கஞ்சியைப் பற்றிய வருத்தம் திரும்பத் திரும்ப வரும். 'கஞ்சி' என்ற நம் சொல்லே கடல் கடந்து போய் ஆங்கிலத்தில் 'கான்ஜி' ஆனது என்பது இன்னொரு கதை.

ஆக அந்தமானில் ரொட்டி முதலில் ஆள்பவனின் சாப்பாடு. என் மகள் போட்ட கோடு அன்றைக்கு நிஜமாகவே இருந்தது. நடுவில் கடலே ஓடியது.

அந்தக் கோடு அழிந்தது பசியில். 1942 மார்ச் 23ம் தேதி ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. 1945 அக்டோபர் வரை தீவு அவர்கள் கையில் இருந்தது. கப்பல் வரத்து நாளாக நாளாக நின்றுபோக, அரிசிக்கும் மாவுக்கும் பஞ்சம். கிழங்கு நட்டுத் தின்றார்கள். 1945 ஆகஸ்டில், போர் முடியும் தறுவாயில், நூற்றுக்கணக்கான ஊர்க்காரர்களைக் கொண்டுபோய் ஹேவ்லாக் தீவில் இறக்கிவிட்டார்கள். கரை சேருமுன் கடலில் போனவர்கள் போக, மீதிப் பேரில் பெரும்பாலோர் பசியில் செத்தார்கள். எங்கள் தெருவில் அந்தக் காலத்தைப் பார்த்த கிழவர் ஒருவர் ரொட்டி ஓரத்தைப் பிய்த்துப் போட்டால் பிள்ளைகளை அடிக்க வருவார். அப்போது ஏனென்று புரியாது.

மூன்று நாள் கப்பலில் வந்த டோஸ்டர்

சுதந்திரத்துக்குப் பிறகும் மெயின்லேண்ட் கப்பல்தான் எங்களுக்கு உயிர். ஹர்ஷவர்தனா, அக்பர், நான்கௌரி என்று எம்.வி. போட்ட பெயர்கள் எல்லாம் எங்கள் வயதுக்காரர்களுக்கு உறவுக்காரர் பெயர் மாதிரி. மெட்ராஸிலிருந்து சுமார் மூன்று நாள். அரிசி, மைதா, பருப்பு, வெங்காயம், மண்ணெண்ணெய், சினிமாப் பத்திரிகை எல்லாம் அதில்தான் வரும். கப்பல் தாமதமானால் பேக்கரியில் பிரெட்டும் தாமதம்.

1982ல் ஊருக்குப் போய்த் திரும்பும்போது அப்பா பாரிமுனைப் பாத்திரக் கடையில் ஒரு சாண்ட்விச் டோஸ்டர் வாங்கி வந்தார். அலுமினியத்தில் வார்த்த இரண்டு தட்டு, கறுப்புக் கைப்பிடி, முனையில் மாட்டிக்கொள்ள ஒரு வளையம். அதற்குத் தனிப்பெயர் எதுவும் கிடையாது, டோஸ்டர்தான். வாரநாளில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் மேல். மழை விட்ட பிறகு, ஜனவரி பிப்ரவரியில், சிடியாடாப்பு கடற்கரைக்குப் பிக்னிக் போனால் அங்கே தணலின் மேல்.

அந்தமானில் மே மாதம் பிடித்த மழை டிசம்பர் வரை இழுக்கும். காட்டு விறகு எளிதில் காயாது. அதனால் எங்கள் நெருப்புக்குத் தேங்காய்ச் சிரட்டை. எரிந்து அடங்கியதும் சிவப்பாக, புகையில்லாமல், ஒரே சீராகத் தணல் நிற்கும்.

டோஸ்டர் ஒன்றுதான் இருக்கும், குடும்பம் நாலு இருக்கும். அம்மா முந்தின நாள் உருளைக்கிழங்கு மசாலையும், சூரை மீனை உதிர்த்து வெங்காயத்தோடு வதக்கிய புட்டையும் கொண்டுவருவார். பக்கத்து வீட்டு வங்காளி மாசிமா கடுகெண்ணெய் மணக்க ஒரு உருளைக்கிழங்கு. எதிர் வீட்டுச் சேச்சி தேங்காய் போட்டு வறுத்த கறி. ஒவ்வொன்றாக அதே தட்டுக்குள் போய் வரும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே சதுரம், ஒரே பழுப்பு நிறம். கடித்தால்தான் எந்த வீடு என்று தெரியும். மாறிப்போனால் மாறிப்போனதுதான், யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

அந்த இரும்பின் வம்சாவளி

சரி, இந்தத் தட்டு எங்கிருந்து வந்தது?

நீளப் பிடி வைத்த இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவில் மாவை அமுக்கி நெருப்பில் காட்டுவது ஐரோப்பாவில் இடைக்காலத்து வழக்கம். தேவாலயத்தில் கொடுக்கும் மெல்லிய அப்பத்தை அப்படித்தான் சுட்டார்கள். வாஃபிள் அதன் வாரிசு. ரொட்டிக்கு நடுவில் இறைச்சி வைத்துத் தின்பதற்கு சாண்ட்விச் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. எழுத்தில் அந்தச் சொல் முதலில் கிடைப்பது 1762 நவம்பரில், வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பனின் நாட்குறிப்பில். ரொட்டிக்குள் எதையாவது வைத்துச் சாப்பிடுவது அவருக்கு முன்னால் உலகத்தில் நடக்கவே இல்லையா என்ன? பிரபு செய்தால் பெயர் வரும், அவ்வளவுதான்.

இரண்டையும் சேர்த்து, ரொட்டியை மூடிச் சுடும் சாதனத்துக்கு அமெரிக்காவில் சார்ல்ஸ் சாம்பியன் என்பவர் 1925ல் காப்புரிமை வாங்கினார். மூன்றே ஆண்டில், 1928 ஜூலை 7ம் தேதி, மிசௌரி மாநிலத்தின் சில்லிகாத்தி என்ற ஊரில் ஓட்டோ ரோவெடர் கண்டுபிடித்த இயந்திரம் வெட்டிய ரொட்டி விற்பனைக்கு வந்தது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் எல்லாத் துண்டும் ஒரே தடிமனில் இருந்தால்தான் தட்டு சரியாக மூடும், ஓரம் ஒட்டும்.

ஜாஃபிள் என்ற பெயர் ஆஸ்திரேலியாவில் 1949ல் வந்தது. சிட்னியில் பாண்டை என்ற கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த டாக்டர் எர்னஸ்ட் ஸ்மிதர்ஸ் தன் சாதனத்துக்கு இந்தப் பெயரைப் பதிவு செய்தார். (ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து 'போண்டி' என்று படித்துவிடாதீர்கள், அங்கே வீட்டு விலை கேட்டால்தான் நாம் போண்டி!) காடுமேடு சுற்றும் ஆஸ்திரேலியர்களுக்குச் சாம்பலில் மாவு உருண்டையைச் சுட்டு 'டேம்பர்' தின்னும் பழக்கம் ஏற்கனவே இருந்ததால் ஜாஃபிளும் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. 1932ல் சிட்னியில் ஓப்ரையன், நார்வில் என்ற இருவர் தங்கள் பெயர்களை ஒட்டவைத்துத் தொடங்கிய பிரெவில் நிறுவனம், 1974ல் இதையே மின்சாரத்தில் செய்து வீட்டுக்குள் கொண்டுவந்தது. இன்று நம் எல்லோர் வீட்டிலும் இருக்கும் சாண்ட்விச் மேக்கர் அந்த வழியில் வந்ததுதான்.

பம்பாய்த் தெருவோரத்தில் பச்சைச் சட்னி தடவி, உருளைக்கிழங்கு மசாலா வைத்து, அதே மாதிரி கைடோஸ்டரில் நெருப்பின் மேல் புரட்டிக் கொடுப்பார்கள். எங்கள் அப்பா வாங்கியதும் அந்த ஜாதி. அதற்குப் பிரபுவும் இல்லை, டாக்டரும் இல்லை.

நம்மவர்கள் உள்ளே வைத்தது

தமிழர்கள் போன இடமெல்லாம் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

1860 நவம்பர் 16ம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அது. அவர்களுடைய சந்ததியினர் வாழும் டர்பனில் இரண்டு சாப்பாடு பிரபலம். ஒன்று பன்னி சௌ. பிரெட்டைப் பாதியாக வெட்டி, நடுவைக் குடைந்து, அதற்குள் குழம்பு ஊற்றிக் கொடுப்பது. தட்டு வேண்டாம், ஸ்பூன் வேண்டாம், பாத்திரத்தையே தின்றுவிடலாம். இன்னொன்று ஜாஃபிள், இதே பெயரில். உள்ளே காரமான கொத்துக்கறி. அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் போய் ஜாஃபிள் வெள்ளைக்காரன் சாப்பாடு என்று சொன்னால் சிரிக்கும்.

இலங்கைத் தமிழ் நண்பர்கள் வீட்டில் பிரெட் என்று சொல்ல மாட்டார்கள், பாண் என்பார்கள். போர்த்துகீசியரின் சொல் அது. பம்பாயில் அதே சொல் பாவ் ஆனது. எங்கள் தெருவில் வடக்கத்திக்காரர்கள் டபுள் ரொட்டி என்பார்கள். முதல் நாள் குழம்பைச் சுண்ட வைத்து மறுநாள் பாணோடு தின்னும் சுகத்தைப் பற்றி யாழ்ப்பாணத்து நண்பர் பேச ஆரம்பித்தால் எனக்குக் கராச்சர்மா சிரட்டைத் தணல் ஞாபகம் வந்துவிடும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். ரொட்டி எப்போதும் போய்ச் சேர்ந்த ஊருடையது. உள்ளே இருப்பது கிளம்பி வந்த வீட்டுடையது. அடுப்பும் பாத்திரமும் இல்லாத இடத்தில், தோட்டத்திலோ காட்டிலோ கடற்கரையிலோ, இரண்டையும் சேர்த்து மூடித் தணலில் காட்டினால் அது சாப்பாடு. 'அவங்க', 'நம்ம' என்று பிரித்தால் இந்தப் பண்டமே இல்லை. பிரித்தால் ஒரு கையில் காய்ந்த ரொட்டி, இன்னொரு கையில் ஆறிப்போன மசால்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு

1. நெருப்பு எரியும்போது வைக்காதீர்கள். தீ நாக்கு பட்டால் வெளியே கரி, உள்ளே பச்சை. எரிந்து அடங்கிச் சாம்பல் பூத்த தணல்தான் வேண்டும்.

2. வார்ப்பிரும்பு டோஸ்டர் தணலுக்கு உத்தமம். சூடேற நேரமாகும், ஏறினால் சீராக நிற்கும். அலுமினியம் சீக்கிரம் சூடாகும், ஆனால் 660 டிகிரியில் உருகிவிடும். வெறும் தட்டைத் தணலுக்குள் போட்டுவிட்டு அரட்டை அடிக்கப் போகாதீர்கள்.

3. ரொட்டியின் வெளிப்பக்கம் வெண்ணெய் அல்லது நெய் தடவுங்கள். தட்டில் ஒட்டாது, நிறமும் வரும்.

4. உள்ளே வைப்பது சுண்டியதாக இருக்க வேண்டும். குழம்பு தண்ணீராக இருந்தால் ரொட்டி நைந்து ஓரம் பிரியும். உருளைக்கிழங்கு மசால், பட்டாணிச் சுண்டல், மீன் புட்டு, நேற்றைய கத்தரிக்காய்ப் பொரியல் எல்லாம் சரி. தேங்காய்த் துவையலும் சீஸும் சேர்த்துப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

5. ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடம். நடுவில் திறந்து பார்க்கலாம், ஒன்றும் ஆகாது.

6. வெளியே எடுத்ததும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். உள்ளே அடைபட்ட நீராவி வாயைப் பொத்துவிடும். இரண்டு நிமிடம் பொறுங்கள்.

7. ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் கிளம்புமுன் அன்றைக்கு டோட்டல் ஃபயர் பேன் உண்டா என்று பார்த்துவிடுங்கள். தடை உள்ள நாளில் கேம்ப் ஃபயர் கூடவே கூடாது.

பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். தணல் அடங்கக் காத்திருக்கும் நேரம் கதை சொல்ல வசதியானது. ராஸ் தீவு பேக்கரியையும், கடலுக்கு இந்தப் பக்கம் கஞ்சி குடித்தவர்களையும், கங்கு அணையாமல் காத்தவர்களையும், டர்பன் கப்பலையும் அப்போது சொல்லலாம்.

மலேசியா, மொரிஷியஸ், ஃபிஜி பக்கம் இருக்கும் குடும்பங்கள் உங்கள் ஊரில் இந்தச் சாதனத்துக்கு என்ன பெயர், உள்ளே என்ன வைப்பீர்கள் என்று எழுதுங்கள். நம்மவர்கள் இதற்கு வைத்த பெயர்களையாவது ஒரு இடத்தில் சேர்த்து வைப்போம்.